தேரை நிறுத்திக் கேட்ட கேள்வி

திருமலைக்குச் சென்று, பாறையில் பேருருவாய் நின்றருளும் சிகாமணிநாதரை வணங்காத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது. அவரே 22-ஆம் தீர்த்தங்கரராகிய நேமிநாத பகவான் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அவர் துறவு பூண்ட வரலாறும் நமக்குப் புதிதன்று. மணக்கோலம் கொண்டு, இராசமதியை மணக்கத் தேரேறிச் சென்றவர், வழியில் அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டார். தேரை நிறுத்தினார். இவை எதன் பொருட்டு அடைக்கப்பட்டுள்ளன என்று அங்கிருந்தோரை வினவினார். தம் திருமண விருந்தின் பொருட்டே என்ற விடை வந்தது. அவ்விடையைக் கேட்டபின் அவர் மணப்பந்தலை நோக்கிச் செல்லவில்லை; ஊர்ஜயந்த மலையை நோக்கிச் சென்றார்.

இவ்வரலாற்றைப் படிக்கும்போது நாம் அவருடைய துறவையே பெரிதும் போற்றுகின்றோம். அது போற்றத்தக்கதே. ஆயினும் துறவுக்கு முன் நிகழ்ந்த சிறு செயல் ஒன்று நம் கருத்தில் அவ்வளவாகப் பதிவதில்லை. அந்த ஓலம் அவர் ஒருவர் செவியில் மட்டும் விழுந்திருக்க இயலாது. மண ஊர்வலத்தில் வந்தோர் பலரும் கேட்டிருப்பர். கேட்டும் கடந்து சென்றோர் பலர். நின்று வினவியவர் ஒருவர். அறம் அந்த வினாவில் தொடங்கிற்று.

அவ்வினாவையே தம் அன்றாடக் கடமையாகக் கொண்டோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளை விசாரிக்கும் காவல்துறையினர், பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கங்களின் ஆய்வாளர்கள், அவர்களுக்குத் துணைநிற்கும் கால்நடை மருத்துவர்கள் ஆகியோரே அவர்கள். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், அவர்களுடைய பணியைப் பற்றி ஆழ்ந்து எண்ணியதுண்டா? அவர்கள் வண்டியை மறிக்கின்றனர்; விலங்கைப் பறிமுதல் செய்கின்றனர்; ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். இது அகிம்சை ஆகுமா? நாமோ எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமல் ஒதுங்கி வாழ்கிறோம் என்கிறோம். ஒதுங்கி வாழ்வது மட்டும் அகிம்சைக்குப் போதுமா? இவ்விரு வினாக்களையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்ப்போம்.

சட்டத்திற்குக் கண் வேண்டும்

கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்கும் சட்டம் ஒன்று 1822-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. அயர்லாந்தின் கால்வே தொகுதி உறுப்பினரான ரிச்சர்டு மார்ட்டின் என்பார் அதற்காகப் பெரிதும் பாடுபட்டார். ஆனால் ஏட்டில் உள்ள சட்டம் சந்தையில் அடிபடும் மாட்டைத் தானாகச் சென்று பார்க்குமா? பார்ப்பதற்கு ஆள் வேண்டும். இதனை உணர்ந்த சிலர் 1824-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் கூடி, விலங்குக் கொடுமையைத் தடுப்பதற்கென ஒரு சங்கம் கண்டனர். ஆர்தர் புரூம் என்னும் பாதிரியார் அதனை முன்னின்று நடத்தினார். ஸ்மித்பீல்டு மாட்டுச் சந்தைக்கு ஆய்வாளர்களை ஊதியம் கொடுத்து அனுப்பினார்கள். சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறை செல்லவும் நேர்ந்தது. 1838-ஆம் ஆண்டில் சேவற்சண்டையைத் தடுக்கச் சென்ற ஜேம்ஸ் பைப்பர் என்னும் ஆய்வாளர் தாக்கப்பட்டு, அக்காயங்களால் உயிர் துறந்தார். ஒரு சேவலின் துன்பத்தைத் தடுக்கச் சென்று மனிதர் ஒருவர் உயிர் கொடுத்தார் என்பதை நாம் எளிதில் கடந்து செல்லலாகாது. அவர் சமணர் அல்லர்; ஆயினும் அவருடைய செயலை அருள் அன்று என்று கூற நம்மால் இயலுமா?

இந்தியாவில் இத்தகைய சங்கம் 1861-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றிற்று. விடுதலைக்குப்பின், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் 1952-ஆம் ஆண்டில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குகளைக் காக்க அவர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே இது குறித்துச் சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன் பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாகவே 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் உருவாயிற்று. அச்சட்டத்தின்படி 1962-ஆம் ஆண்டில் அமைந்த விலங்குகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். பல்லாண்டுகள் அவ்வாரியம் சென்னையிலேயே இயங்கி வந்தது. நம் மண்ணில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் முயற்சியே நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

ஐந்து அதிசாரங்களும் ஒரு சட்டப் பிரிவும்

அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவை நாம் படித்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கும். விலங்கை அடித்தல், உதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், நோயுற்றதையும் புண்பட்டதையும் வேலை வாங்குதல், உடலை அசைக்க இயலாத கூண்டில் அடைத்தல், குறுகிய சங்கிலியால் நெடுநேரம் கட்டிவைத்தல், உறுப்பைச் சிதைத்தல், போதிய உணவும் நீரும் உறைவிடமும் தாராதிருத்தல் ஆகியவற்றை அது குற்றங்களாக வரிசைப்படுத்துகிறது.

இவ்வரிசையை நாம் வேறு எங்கோ படித்திருக்கிறோம் அன்றோ? உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து கூறப்பட்டுள்ளன. பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன அவை. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்று தமிழில் கூறலாம். சமந்தபத்திர சுவாமிகளும் இரத்தினகரண்டகத்தில் இவ்வைந்தையே கூறினார். சந்தை வாயிலில் நின்று ஆய்வாளர் எழுதும் குறிப்பேடும், நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு வகுத்த பட்டியலும் ஒன்றாகவே உள்ளன. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டது என்று நாம் கூறவில்லை. விலங்கின் துன்பத்தை உற்று நோக்குவோர் எக்காலத்தவராயினும், எந்நாட்டவராயினும், இவ்வைந்தையே காண்பர் என்பதே இதன் பொருள்.

மற்றோர் ஒப்புமையும் உண்டு. விலங்கின் உரிமையாளர் தாமே அடிக்காவிடினும், கொடுமை நிகழாதபடி தக்க கவனமும் மேற்பார்வையும் செலுத்தத் தவறினால், அவரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார் என்று அதே பிரிவு விதிக்கிறது. நம் ஆகமம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதம் என்னும் சொல்லை முன்வைக்கிறது. பிரமாதமாவது விழிப்பின்மை, கவனமின்மை. விழிப்பின்றிச் செய்யும் செயலால் உயிர்க்கு ஊறு விளைதலே இம்சை எனப்பட்டது. "நான் அடிக்கவில்லை, ஆள்தான் அடித்தான்" என்னும் சமாதானத்தை ஆகமமும் ஏற்கவில்லை. நாட்டின் சட்டமும் ஏற்கவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. உணவுக்காக விலங்கைக் கொல்லுதலை அச்சட்டம் தடுக்கவில்லை. தேவையற்ற துன்பம் தந்து கொல்லுதலையே தடுக்கிறது. ஆகவே ஆய்வாளர் வண்டியை நிறுத்தி, ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்னும் 1978-ஆம் ஆண்டின் விதியைக் காட்டிக் கூடுதல் மாடுகளை இறக்கலாம். எஞ்சிய ஆறும் செல்லுமிடம் எதுவென்று அறிந்தும் அனுப்பிவைக்க நேரலாம். "இது என்ன அருள்?" என்று நம்மில் சிலர் கேட்பர். நாம் ஏற்றுள்ள விரதமும் அணுவிரதமே என்பதை அவர்கள் நினைவுகூர வேண்டும். முழு விரதம் முனிவர்க்கு உரியது. ஓரறிவுயிர் முதலியவற்றுக்கு விளையும் ஊறு இல்லறத்தில் முற்றிலும் தவிர்க்க இயலாதது என்று கண்டே, ஆசாரியர்கள் நமக்கு அளவுபட்ட விரதத்தைத் தந்தனர். அளவுபட்டது என்பதால் அது பயனற்றது ஆகிவிடவில்லை. அவ்வாறே அளவுபட்ட சட்டமும் பயனற்றதன்று. நெரிசலில் கால் மிதிபட்டுச் சாகவிருந்த மாட்டுக்கு அன்றைய வேதனை குறைந்தது என்பது சிறிய செய்தியன்று.

தண்டித்தல் இம்சையாகுமா?

இனி முதல் வினாவுக்கு வருவோம். கொடியவனைப் பிடித்துத் தண்டம் வாங்கித் தருபவர் அவனுக்குத் துன்பம் செய்கிறார். துன்பம் செய்தல் இம்சையன்றோ என்பது ஐயம்.

இம்சையைச் சங்கற்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுத்து நம் முன்னோர் விளக்கியுள்ளனர். கொல்லவேண்டும், வருத்தவேண்டும் என்று எண்ணிச் செய்வது சங்கற்பி. சமைத்தல், கூட்டுதல் முதலிய இல்லப் பணியில் நேர்வது ஆரம்பி. உழவு, வணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோகி. தன்னையோ தன்னைச் சார்ந்தோரையோ காக்கும்பொருட்டு எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதி. இல்லறத்தார் முற்றிலும் விடவேண்டியது முதலாவதையே. மற்ற மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் எண்ணமே தலைமையானது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன் உயிர் எதனையும் கொல்லவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் அவனைப் பிறவிதோறும் தொடர்ந்தது என்பதை யசோதர காவியம் நமக்கு உணர்த்துகிறது. புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திர ஆசாரியரும், இம்சையைச் செய்யாத ஒருவன் இம்சையின் பயனை அடைவதும், செய்த ஒருவன் அடையாதிருப்பதும் உண்டு என்று விளக்கியுள்ளார். அறுவை மருத்துவரின் கத்தியும் கொள்ளையனின் கத்தியும் ஒரே உடலைக் கீறலாம், வினைப்பயன் ஒன்றாகாது.

ஆகவே வாயில்லா உயிரைக் காக்கும் எண்ணத்தோடு, வேண்டிய அளவுக்கு மட்டும் வலிமையைப் பயன்படுத்தும் அதிகாரி இம்சை செய்பவர் ஆகார். ஆனால் இவ்விடை இத்துடன் முடிந்துவிடுவதில்லை. அவருடைய உள்ளத்தில் எந்நேரமும் ஓர் இடர் காத்திருக்கிறது. நாள்தோறும் கழுத்துப் புண்ணையும், ஒடிந்த வாலையும், பட்டினியால் துருத்திய விலாவையும் காண்பவர்க்குச் சினம் எழாதிருக்குமா? அச்சினத்தால் அவர் வண்டிக்காரனை அடித்தால், முன்பு துன்புற்ற உயிர் ஒன்று. பின்பு துன்புற்ற உயிர்கள் இரண்டு. அன்றியும், குரோதம் என்னும் கஷாயம் அவரையும் பற்றிக்கொண்டது. அடக்க வந்தவரும் அடங்காதவர் ஆனார்.

இதற்கு மருந்து நம் சூத்திரத்திலேயே உள்ளது. எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி, நற்குணம் உடையாரிடத்துப் பிரமோதம், துன்புறுவோரிடத்துக் காருண்யம், அடங்காதாரிடத்து மாத்தியஸ்தம் என நான்கு பாவனைகள் கூறப்பட்டன. இவற்றுள் இறுதியான இரண்டையும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் கைக்கொள்ள வேண்டியவர் இவ்வதிகாரி. மாட்டின்மீது காருண்யம் வேண்டும். அதனை அடித்தவன்மீது மாத்தியஸ்தம் வேண்டும். மாத்தியஸ்தம் என்பது பொருட்படுத்தாமை அன்று. விருப்பும் வெறுப்பும் இன்றி நடுநிற்றல். அடித்தவனைத் தடுக்கவும் வேண்டும், பகைக்கவும் கூடாது. கோயிலில் அமர்ந்து இந்நான்கு பாவனைகளையும் ஓதுவது நமக்கு எளிது. வெயிலில் நின்று, வசைமொழி கேட்டுக்கொண்டு, கைகலப்புக்கு அஞ்சாமல் அவற்றைக் கடைப்பிடிப்பது எத்துணை அரிது! அவ்வாறு கடைப்பிடிக்கும் அதிகாரி எச்சமயத்தவராயினும், அவர்க்கு நம் தலை வணங்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு அவர் பெற்றுத் தரும் தண்டம் எவ்வளவு? 1960-ஆம் ஆண்டின் சட்டம், முதல் குற்றத்திற்குப் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்று விதித்தது. மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது. குற்றம் நிகழ்ந்த மூன்று மாதத்திற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்னும் வரையறையும் உண்டு. தண்டத்தின் அளவைப் பார்த்தால், இதற்காகவா இவ்வளவு அலைச்சல் என்று தோன்றும். ஆனால் அவருடைய பணியின் பயன் அபராதத் தொகையில் இல்லை. வாய்பேச இயலாத ஓருயிரின் துன்பத்தைக் கண்டு, அளந்து, எழுதி, நீதி மன்றத்தின் முன் வைத்தார் என்பதே பயன். "இதுவும் ஓர் உயிர், இதற்கும் வலிக்கும்" என்பதை அரசு ஏட்டில் பதியச் செய்தார் என்பதே பயன்.

துடிக்கும் உயிரின் முன்

இப்பணியில் நம் கொள்கைக்கு நேர் மாறாக நிற்கும் ஓர் இடமும் உண்டு. பிழைக்க இயலாதபடி காயமுற்று, உயிரோடு வைத்திருத்தலே கொடுமை என்று கால்நடை மருத்துவர் சான்றளித்தால், நடுவரின் ஆணை பெற்று அவ்விலங்கின் உயிரைப் போக்க 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. இதனைக் கருணை என்று உலகம் கூறும். நம் அறம் கூறாது. துன்புறும் உயிரைத் துன்பத்தினின்று விடுவிக்கிறோம் என்று கருதியும் கொல்லலாகாது என்று அமிர்தசந்திரர் தெளிவாகவே விலக்கியுள்ளார். வினை தன் பயனை ஊட்டுகையில் உடலைப் பறிப்பதால் வினை பறிபோவதில்லை என்பது நம் கொள்கை.

சீவகன் வரலாற்றை இங்கு எண்ணுவோம். உணவைத் தொட்டுவிட்டது என்று அடிக்கப்பட்டு, உயிர் போகும் நிலையில் கிடந்த நாயை அவன் கண்டான். பிழைப்பிக்க இயலாது என்று அறிந்தான். அதனைக் கொன்று வேதனையை முடிக்கவும் இல்லை. விட்டுச் செல்லவும் இல்லை. அருகில் அமர்ந்து அதன் செவியில் பஞ்சமந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று என்று திருத்தக்கதேவர் பாடினார்.

இக்கதையை நாம் பெருமையுடன் சொல்லுகிறோம். ஆனால் சீவகன் செய்தவை இரண்டு. கொல்லாதிருந்தது ஒன்று, அருகில் இருந்தது மற்றொன்று. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை. கால்கள் நசுங்கிச் சாலையில் கிடக்கும் கன்றின் பக்கத்தில் நள்ளிரவில் நிற்பவர் அதிகாரி. நாம் அங்கு இல்லை. அங்கு இல்லாத நாம், வீட்டிலிருந்தபடி "கொல்லாதே" என்று அவருக்கு அறம் உரைப்பது எவ்வாறு பொருந்தும்? கொல்லாதே என்பவர், பேணும் சுமையையும் ஏற்க வேண்டும். மீட்கப்பட்ட விலங்கைச் சிகிச்சை இல்லத்திற்கோ பிஞ்சராபோலுக்கோ அனுப்ப நடுவருக்கு 35-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பிஞ்சராபோல் என்பது சமணர்களும் பிற அறவோரும் நெடுங்காலமாகப் பேணி வரும் காப்பகம். சென்னை அயனாவரத்திலும் ஒன்று உண்டு. சட்டமே அப்பெயரைச் சுட்டி, அவ்வாயிலில் கொண்டுவந்து விடுகிறது. அவ்வாயிலுக்குள் வைக்கோலும், நீரும், மருந்தும், இடமும் இருக்கின்றனவா என்பது அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று. நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி.

பிடிபடாத குற்றவாளி

இரண்டாவது வினாவே நமக்குக் கடினமானது. ஒதுங்கி வாழ்தல் போதுமா?

அளவுக்கு மீறி ஏற்றிய பாரவண்டியை அதிகாரி மறிக்கிறார். பிடிபடுபவன் வண்டிக்காரன். அவன் ஏழை. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர் ஒரு வணிகர். இரண்டு நடையில் கொண்டு செல்ல வேண்டியதை ஒரே நடையில் முடிக்கச் சொன்னவரும் அவரே. இழுவை மாடுகளை ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரியைக் கடக்கும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கவே கூடாது என்று 1965-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. சித்திரை வெயிலில் சரக்கு வந்து சேரவில்லையே என்று வண்டிக்காரனை வைதவர் இவ்விதியை அறிவாரா? அபராதம் வண்டிக்காரனுக்கு. வணிகரின் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை.

சட்டத்தின் வலையில் பெரும்பாலும் செய்தவனே சிக்குகிறான். வினையின் கணக்கோ வேறு. செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படல் என மூன்று வாயிலாலும் வினை ஊறுகிறது என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம். அதிகாரியின் ஏட்டில் மூன்றில் ஒரு பகுதியே எழுதப்படுகிறது. எஞ்சிய இரண்டையும் எழுத வேண்டியவர் யார்?

நம் குடும்பங்களுள் பெரும்பாலானவை உழவுக் குடும்பங்கள். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நம் தொழுவங்களில் எருதுகள் நின்றன. சில இல்லங்களில் இன்றும் பசுக்கள் நிற்கின்றன. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, மஞ்சள் குங்குமம் இட்டு வளர்த்த எருது, கிழமானபின் எங்கே சென்றது? "தரகர் வந்து ஓட்டிச் சென்றார்" என்போம். எங்கே ஓட்டிச் சென்றார் என்று நாம் கேட்டதில்லை. கேட்டால் விடை தெரிந்துவிடும் என்பதாலேயே கேட்கவில்லை. அடிமாட்டுக்கு விற்கிறோம் என்னும் சொல் நம் வாயில் வாராமல் பார்த்துக்கொண்டோம். பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டோம். பின்னொரு நாள் நெடுஞ்சாலையில் மாடுகளை அடைத்துச் செல்லும் லாரியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ன கொடுமை!" என்றோம். அந்த லாரியில் நின்றவற்றுள் ஒன்று நம் தொழுவத்திலிருந்து சென்றதாக இருந்திருக்கலாம்.

அந்த லாரியை அதிகாரி நிறுத்தியபோதும் நாம் அங்கு நின்றதுண்டு. கூட்டம் கூடும். மகஜரில் சாட்சிக் கையொப்பம் இட இருவர் வேண்டும் என்று அவர் கேட்பார். கூட்டம் கலையும். நீதிமன்றத்திற்கு அலைய வேண்டுமே, ஊரில் பகை வருமே என்று அஞ்சுவோம். கலைந்து சென்றோருள் நாமும் இருந்தோம். அன்று நாம் எவ்வுயிரையும் துன்புறுத்தவில்லை என்பது உண்மை. இரவு உணவும் உண்ணவில்லை. ஆயினும் சாட்சியின்றி அவ்வழக்கு நின்றுபோனால், அதில் நம் மௌனத்திற்கும் பங்கு உண்டு. உள்ளத்தால் உடன்படாதவர் போல் நாம் தோன்றினோம். ஒதுங்கிய செயலோ உடன்பாட்டிற்கே துணைபுரிந்தது.

எந்த அதிகாரியும் விசாரிக்க வாராத இடங்களும் உண்டு. ஆரணியிலும் காஞ்சியிலும் நெய்த பட்டை உடுத்தி நம் இல்லத் திருமணங்கள் நடைபெறுகின்றன. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் புழுவோடு வெந்நீரில் இடப்படுகின்றன. அதற்காக எவரும் நம் வாயிலில் வந்து குறிப்பெடுப்பதில்லை. ஜினாபிஷேகத்திற்கென நாம் வாங்கும் பாலைத் தந்த பசு எவ்வாறு கட்டப்பட்டிருந்தது, அதன் கன்று என்னவாயிற்று, பால் பெருக வேண்டி அதற்கு ஊசி இடப்பட்டதா என்பதையும் எவரும் நம்மிடம் கேட்பதில்லை. உடல் நலனைக் கெடுக்கும் அத்தகைய ஊசியைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தடுத்துள்ளது. ஆயினும் பால்காரரிடம் அதனைக் கேட்க நமக்குச் சட்டம் வேண்டுவதில்லை. வாய் இருந்தால் போதும்.

நாம் கேட்க வேண்டியது

நேமிநாத பகவானின் தேருக்கு மீண்டும் வருவோம். அவர் வினவியபோது கிடைத்த விடை என்ன? கொடுமை செய்தவன் வேறெவனோ என்பதன்று. "நும் திருமணத்தின் பொருட்டே" என்பது. அவர் எவ்விலங்கையும் அடைக்கவில்லை. அடைக்கும்படி ஏவவும் இல்லை. அடைத்தது அவர் அறியாததே. ஆயினும் காரணம் தாமே என்று அறிந்தவுடன், "நான் செய்யவில்லையே" என்று அவர் தேரைச் செலுத்தச் சொல்லவில்லை. பிறர் செய்யும் கொடுமையைக் குறித்துத் தொடங்கிய வினா, இறுதியில் வினவியவரிடமே வந்து நின்றது. அதனை ஏற்றுக்கொண்டதே அவருடைய பெருமை.

கொடுமையை விசாரிக்கும் அதிகாரியின் பணியில் நமக்குள்ள பாடம் இதுவே. அவர் தெருவில் செய்வதை நாம் நம் இல்லத்தில் செய்ய வேண்டும். அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் நோன்பிருந்து, செய்த பிழைகளை எண்ணி வருந்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. "அறிந்தும் அறியாமலும் செய்த பிழை" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாமல், அவ்வைந்து அதிசாரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஆய்வாளரின் கண்ணோடு நம் இல்லத்தைச் சுற்றி வருவோம். வாயிலில் கட்டிய நாயின் சங்கிலி எவ்வளவு நீளம்? தொழுவத்துப் பசுவுக்கு நண்பகலில் நீர் வைத்தது யார்? நாம் அனுப்பிய சுமையை இழுத்தது எது? கிழ மாட்டை வாங்கிச் சென்றவர் யார், எங்கே? இவ்வினாக்களுக்கு நேரிய விடை கூறுவோமாயின், பாதிக் கொடுமை அதிகாரி வருமுன்பே நின்றுவிடும்.

எஞ்சிய பாதிக்கு அவர் வரத்தான் வேண்டும். வரும்போது அவருக்குத் துணையாவோம். கண்டதைக் கண்டபடி புகார் எழுதிக் கொடுப்போம். சாட்சிக்கு அழைத்தால் செல்வோம். மீட்ட உயிருக்கு ஒரு கட்டு வைக்கோல் தருவோம். வண்டிக்காரன் ஏழையாயின் அவனைப் பழிக்காமல், மாட்டின் புண் ஆறும் வரை அவன் வயிற்றுக்கு என்ன வழி என்றும் எண்ணுவோம். காருண்யமும் மாத்தியஸ்தமும் அப்போதுதான் ஓதும் சொற்களாக இல்லாமல் ஒழுக்கமாகும்.

அடுத்த முறை திருமலை ஏறிச் சிகாமணிநாதரின் திருமுன் நிற்கையில், அவர் துறந்ததை வணங்குவதோடு, அவர் நின்று கேட்டதையும் வணங்குவோம். துறத்தல் நம்மால் இப்பிறவியில் இயலாது போகலாம். ஓலம் கேட்ட இடத்தில் நின்று கேட்டல் நம் அனைவராலும் இயலும்.

கொல்லா அறம் ஓங்குக!